பிழை எங்கிருந்து வந்தது?

1982 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை தனக்கென ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. தொடக்க மதிப்பு 1000. அதன்பின் 22 மாதங்கள் அது இறங்கிக்கொண்டே போய், 1983 நவம்பர் கடைசியில் 524.811-க்கு வந்து நின்றது. சந்தை பாதியாகச் சரிந்துவிட்டது என்று அந்த எண் சொன்னது. பங்கு விலைகள் அப்படிச் சொல்லவில்லை. கணக்கைத் திருத்திப் போட்ட பிறகு, வெள்ளிக்கிழமை 524.811-இல் முடிந்த குறியீடு திங்கட்கிழமை காலை 1098.892-இல் தொடங்கியது.

நடந்தது மிகச் சிறிய விஷயம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும், நாளொன்றுக்குச் சுமார் 2,800 முறை, குறியீட்டெண்ணைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டுப்படுவது சராசரியாக 0.0005. நாளுக்கு 1.4 புள்ளி, மாதத்துக்கு 20 வேலைநாள் என்றால் 28 புள்ளி, 22 மாதங்களுக்கு 600 புள்ளியை ஒட்டி வரும். உண்மையில் காணாமல் போனது 574.

வெட்டாமல் அருகிலுள்ள எண்ணுக்குத் தோராயமாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு தடவை கொஞ்சம் கூடும், மறு தடவை கொஞ்சம் குறையும். இப்படி இரு பக்கமும் சாயக்கூடிய பிழைகள் சேரும்போது மொத்த விலகல் தடவைகளின் எண்ணிக்கையோடு வளர்வதில்லை. அதன் வர்க்கமூலத்தோடுதான் வளரும். 12 லட்சம் தடவைகளுக்கு நான் போட்டுப் பார்த்த மதிப்பீட்டின்படி விலகல் பெரும்பாலும் ஒரு புள்ளியைக்கூட எட்டியிருக்காது. வைத்துக்கொண்ட இலக்கங்கள் அதே மூன்றுதான். மிச்சத்தைக் கையாளும் விதம் மட்டுமே வேறு.

கணக்கில் பிழை என்றதும் இன்னும் சில இலக்கங்களைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. பயன்பாட்டுக் கணிதத்தைக் கணினியில் செய்தவர்கள் கடந்த எண்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பாடம் வேறு. பிழை கொடுத்த தரவிலிருந்து வந்திருக்கலாம். கேட்ட வினாவின் இயல்பிலேயே இருக்கலாம். விடைக்குப் போன வழியில் புகுந்திருக்கலாம். எந்திரம் எண்ணை எழுதிவைக்கும் முறையிலும் இருக்கலாம். எதுவென்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் இலக்கத்தைக் கூட்டுவது பல சமயம் வீண், சில சமயம் ஆபத்து.

எந்திரத்திலிருந்தே தொடங்கலாம். கணினி எண்களை இருமத்தில் எழுதுகிறது. தசம முறையில் மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று முடிவில்லாமல் ஓடுவதை எல்லோரும் அறிவோம். இருமத்தில் பத்தில் ஒரு பங்கே அப்படி ஓடும். பின்னத்தைச் சுருக்கி எழுதிய பிறகு அதன் பகுதி இரண்டின் அடுக்காக இருந்தால் மட்டுமே இருமத்தில் அது முடிவுக்கு வரும். நம் எண்சுவடிப் பின்னங்களை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் அவை இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கும். அரை, கால், அரைக்கால், வீசம் என்பவை 1/2, 1/4, 1/8, 1/16. இவற்றைக் கணினி துளியும் பிசகாமல் ஏற்கும். மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த மூன்றின் பகுதியிலும் ஓர் ஐந்து இருக்கிறது. அந்த ஐந்து இருக்கும்வரை எத்தனை பிட் கொடுத்தாலும் இவை கணினிக்குள் முழுசாக அடங்கா. ஏதோ ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். 320 முந்திரியை ஒவ்வொன்றாகக் கூட்டினால் சரியாக 1 வரும் என்று கணினியில் யாரும் உறுதி தர முடியாது.

பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான். இன்று பெரும்பாலான கணினிகள் ஓர் எண்ணுக்கு 64 பிட் ஒதுக்குகின்றன. அதில் 53 பிட் எண்ணின் துல்லியத்துக்கு உரியது. தசமத்தில் சொன்னால் ஏறத்தாழ 16 இலக்கம். இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. 1970-களில் ஒவ்வொரு நிறுவனத்தின் எந்திரமும் தன் போக்கில் தோராயமாக்கியது. ஓர் எந்திரத்தில் சரியாக ஓடிய நிரல் இன்னொன்றில் வேறு விடை தந்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் காஹன் முன்னின்று உழைத்து, 1985-இல் ஐஇஇஇ 754 என்ற பொதுத்தரம் வெளிவந்தது. ஒவ்வொரு அடிப்படைச் செயலும், துல்லியமான விடையை அதற்கு மிக அருகிலுள்ள எண்ணுக்குத் தோராயமாக்கித் தரவேண்டும் என்பது அதன் உயிர்நாடியான விதி. இந்த விதி இருப்பதால்தான் பிழையைப் பற்றி இன்று தேற்றங்களை நிறுவ முடிகிறது. காஹனுக்கு 1989-இல் டியூரிங் விருது கிடைத்தது. கணினி வரலாற்றில் இதைவிட அமைதியான, இதைவிடப் பயனுள்ள சாதனைகள் குறைவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் எந்திரத்தின் இந்தக் குறை ஒரு விபத்தாவதற்கு வழியும் துணை போகவேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் படைக் குடியிருப்பின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதை இடைமறிக்க வேண்டிய பேட்ரியட் அமைப்பு அதைப் பின்தொடரத் தவறியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1992-இல் தந்த அறிக்கை காரணத்தை விரித்துச் சொன்னது. பேட்ரியட்டின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. அதை நொடியாக்க 1/10-ஆல் பெருக்கவேண்டும். அந்த 1/10 இருந்தது 24 பிட்டில், வெட்டப்பட்ட நிலையில். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிழை 0.000000095 நொடி. அன்று அந்த அமைப்பு நிறுத்தப்படாமல் 100 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. 100 மணி நேரம் என்றால் 36 லட்சம் எண்ணிக்கை. மொத்தப் பிழை 0.34 நொடி. ஸ்கட் நொடிக்கு 1,676 மீட்டர் போகும். 0.34 நொடியில் அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ரேடார் வானத்தின் தவறான பகுதியில் தேடிக்கொண்டிருந்தது.

இந்தக் கதை பாடநூல்களில் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. எனக்கு இதன் அடுத்த பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. ஏவுகணையின் பாதையைக் கணிக்க வேண்டியது இரண்டு நேரங்களுக்கு இடையேயான வித்தியாசம். இரண்டு நேரமும் ஒரே அளவு பிழையாக இருந்தால், கழிக்கும்போது பிழை ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடும். அப்படியானால் 0.34 நொடி எப்படி மிஞ்சியது? 1992-இல் கணிதவியலாளர் ராபர்ட் ஸ்கீல் இதை விளக்கினார். வேகமான ஏவுகணைகளைச் சமாளிக்க நிரலில் நேர மாற்றத்தைத் துல்லியமாகச் செய்யும் ஒரு துணைநிரலைச் சேர்த்திருந்தார்கள். அது தேவைப்பட்ட எல்லா இடங்களிலும் சேர்க்கப்படவில்லை. ஒரு நேரம் புதிய துல்லியத்தோடும் மற்றொன்று பழைய பிழையோடும் வர, கழித்தலில் பிழை அப்படியே நின்றுவிட்டது. பழைய நிரல் முழுக்கப் பழையதாகவே இருந்திருந்தால் இந்த அளவு விலகியிருக்காது. பாதி இடத்தில் கூட்டிய துல்லியமே இங்கே கேடாக முடிந்தது.

பிழை தெரியாமலும் இல்லை. 8 மணி நேரத் தொடர் ஓட்டத்திலேயே தேடும் பரப்பு 20 சதவீதம் நகர்ந்துவிடுகிறது என்பதை 1991 பிப்ரவரி 11-ஆம் தேதி இஸ்ரேலில் கிடைத்த தரவு காட்டியிருந்தது. மிக நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம் என்று 21-ஆம் தேதி படைகளுக்குத் தகவல் போனது. எத்தனை மணி நேரம் என்றால் நீண்ட நேரம் என்பது அதில் இல்லை. நிறுத்தி மறுபடி தொடங்கியிருந்தால் கடிகாரம் சுழியத்திலிருந்து ஓடியிருக்கும். திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி.

பிழைகள் கழித்தலில் நீங்கவும் செய்யும், கழித்தலில் வீங்கவும் செய்யும். இரண்டாவது நிலைதான் அன்றாடம் நேர்வது. ஓட்டுநரின் எடையை அறிய, லாரியை எடைமேடையில் அவரோடு ஒரு முறையும் அவர் இல்லாமல் ஒரு முறையும் நிறுத்திக் கழித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. மேடை 10 கிலோ சுத்தமாகக் காட்டினாலும் லாரிக்கு அது நல்ல துல்லியம். ஓட்டுநருக்கு அது போதவே போதாது.

கையாலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கு சொல்கிறேன். அ² − 60அ + 1 = 0. நம்மிடம் இருப்பது நான்கு இலக்க எந்திரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நான்கு இலக்கத்துக்குத் தோராயமாக்கும். பள்ளியில் படித்த சூத்திரப்படி 3600-இலிருந்து 4 போக 3596. அதன் வர்க்கமூலம் 59.97. சிறிய மூலம், 60-இலிருந்து 59.97-ஐக் கழித்து இரண்டால் வகுத்தது, 0.015. உண்மையான விடை 0.01667. பத்து சதவீதப் பிழை! 60-உம் 59.97-உம் தனித்தனியே நான்கு இலக்கம் சுத்தமானவை. கழித்ததும் முன்னிலக்கங்கள் எல்லாம் அடிபட்டு, சந்தேகத்துக்குரிய கடைசி இலக்கம் மட்டும் விடையாக மிஞ்சிவிட்டது.

இப்போது வேறு வழி. பெரிய மூலத்தை முதலில் எடுங்கள். அதில் கழித்தல் இல்லை, கூட்டல்தான். நான்கு இலக்கத்தில் 60.00 வரும். இரண்டு மூலங்களின் பெருக்கற்பலன் 1 என்பது சமன்பாட்டைப் பார்த்தாலே தெரியும். எனவே சிறிய மூலம் 1-ஐ 60.00-ஆல் வகுத்தது: 0.01667. நான்கு இலக்கமும் சரி. எந்திரமும் சமன்பாடும் மாறவில்லை. போன வழி மட்டும் மாறியது. வினாவில் குற்றமில்லை, முதல் வழியில்தான் குற்றம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வகைக்கெழுவிலும் இதே கதை, கொஞ்சம் கூர்மையாக. மேல்நிலைப் பள்ளியில் வகைக்கெழுவுக்குக் கற்பிக்கும் வரையறை, இடைவெளியைச் சுழியத்தை நோக்கிச் சுருக்கச் சொல்கிறது. அதை நம்பி 64 பிட் கணினியில் 1 என்ற புள்ளியில் இடைவெளியை 10⁻¹⁶ என்று வைத்தால், 1-ஓடு அதைக் கூட்டியும் 1-தான் கிடைக்கும். வகைக்கெழு சுழியம் என்று விடை வரும். இங்கே இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுக்கின்றன. இடைவெளியைப் பெரிதாக வைத்தால் வளைகோட்டை நேர்கோடாகக் கொண்ட பிழை. சிறிதாக வைத்தால் கழித்தலில் இலக்கங்கள் போகும் பிழை. இரண்டும் சமப்படுவது 10⁻⁸ அருகில். ஏறத்தாழ எட்டு இலக்கம் சரியாகக் கிடைக்கும். புள்ளியின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்காமல் இரு பக்கமும் சமதூரத்தில் மதிப்பெடுத்தால், இடைவெளியை 10⁻⁵ என்று பெரிதாக்கியும் பத்து இலக்கம் வரை கிடைக்கும். எல்லைக் கணக்கு தாளில் சொல்வதற்கும் எந்திரத்தில் நடப்பதற்கும் உள்ள இந்தத் தூரத்தைப் பள்ளியிலேயே ஒரு வகுப்பில் காட்டிவிடலாம். காட்டவேண்டும் என்பது என் ஆசை.

இலக்கம் போய்விடுமோ என்ற பயம் ஒரு காலத்தில் எல்லை மீறியும் இருந்தது. 1943-இல் புள்ளியியலாளர் ஹரால்ட் ஹோட்டலிங், பல சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் காஸின் நீக்கல் முறையில் சமன்பாடு ஒன்று கூடக்கூடப் பிழை நான்கு மடங்காகலாம் என்று காட்டினார். 18 சமன்பாடுகள் என்றால் 17 படிகளில் பிழை 1,700 கோடி மடங்கைத் தாண்டும். அப்படியானால் பத்து இலக்கக் கணக்கு முழுவதும் குப்பை. வரவிருந்த மின்னணுக் கணினிகளால் நூறு சமன்பாடுகளைத் தீர்க்கவே முடியாது என்ற முடிவுக்கு இது தள்ளியது.

1946-இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குச் சரியாக 18 சமன்பாடுகள் கொண்ட ஒரு கணக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆய்வுக்கூடத்தின் கணினி அப்போது காகிதத்தில்தான் இருந்தது. ஆலன் டியூரிங், ஜேம்ஸ் வில்கின்சன், லெஸ்லி ஃபாக்ஸ், குட்வின் ஆகியோர் மேசைக் கணிப்பான்களை வைத்துச் சுமார் இரண்டு வாரம் உட்கார்ந்து அதைத் தீர்த்தார்கள். விடைகளைத் திரும்பச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோது வலப்பக்கம் எதிர்பாராத அளவு நெருங்கிப் பொருந்தியது. பேரழிவு எதுவும் நிகழவில்லை. இதை வில்கின்சன் பின்னாளில் தன் டியூரிங் விருது உரையில் விவரித்திருக்கிறார். 1947-இல் வான் நாய்மனும் கோல்ட்ஸ்டைனும், 1948-இல் டியூரிங்கும் அணிக் கணக்குகளில் தோராயப் பிழை பற்றி எழுதிய கட்டுரைகள் இந்தத் துறைக்கே அடித்தளம் ஆயின.

வில்கின்சன் அதிலிருந்து வளர்த்தெடுத்த கருத்து, நான் அறிந்தவற்றுள் மிக அழகான கணிதச் சிந்தனைகளில் ஒன்று. கிடைத்த விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்பது வழக்கம். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: கிடைத்த விடை வேறு எந்த வினாவுக்குத் துல்லியமான விடை? நீக்கல் முறையைக் கவனமாகச் செய்தால், ஏறத்தாழ எப்போதும், கிடைக்கும் விடை கொடுத்த சமன்பாடுகளுக்கு மிக அருகில் உள்ள வேறு சமன்பாடுகளின் சுத்தமான விடையாக இருக்கும். கெழுக்கள் பத்தாவது இலக்கத்தில் மாறியிருக்கும், அவ்வளவுதான். கெழுக்கள் அளந்து பெற்றவை, அளவே மூன்று இலக்கம்தான் நம்பத்தக்கது என்றால், பத்தாவது இலக்கத்தில் மாறிய வினாவுக்கும் கொடுத்த வினாவுக்கும் நடைமுறையில் வித்தியாசம் இல்லை. வழி தன் கடமையைச் செய்துவிட்டது.

அதன்பிறகும் விடை தவறாக இருந்தால்? அப்போது குற்றம் வினாவுடையது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 2. முதல் எண்ணோடு இரண்டாவதின் 1.001 மடங்கைக் கூட்டினால் 2.001. விடை 1, 1. இப்போது 2.001 என்பதை 2.002 ஆக்குங்கள். விடை 0, 2. எந்திரத்தையே தொடவில்லை, ஒரு தரவு 0.05 சதவீதம் மாறியது; விடை அடியோடு புரண்டது. வரைபடத்தில் இவை ஏறத்தாழ இணையாக ஓடும் இரண்டு கோடுகள். ஒன்றை மயிரிழை நகர்த்தினாலும் வெட்டும் இடம் வெகுதூரம் ஓடிவிடும். தரவின் மாற்றத்தை விடை எத்தனை மடங்காக்கிக் காட்டக்கூடும் என்பதற்கு டியூரிங் தன் கட்டுரையில் கண்டிஷன் எண் என்று பெயரிட்டார். இந்தக் கணக்குக்கு அது ஏறத்தாழ 4,000. தரவில் நான்கு இலக்கம் நம்பத்தக்கது என்றால், விடையில் எதையும் நம்ப முடியாது. எந்த மேதையின் வழியும் எந்தப் புதிய எந்திரமும் இதை மாற்றாது. தரவை மேலும் நுட்பமாக அளக்கவேண்டும். இல்லையென்றால் கேள்வியை வேறு விதமாகக் கேட்கவேண்டும்.

கேள்வியை மாற்றிக் கேட்பது என்றால் என்ன என்பதற்கும் வில்கின்சனே உதாரணம் தந்தார். 1 முதல் 20 வரையான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட ஒரு பல்லுறுப்புக் கோவையை எடுத்து விரித்தால், அதில் 19-ஆம் அடுக்கின் கெழு −210. அதை 0.00000012 அளவுக்கு, அதாவது இரண்டின் 23-ஆம் அடுக்கில் ஒரு பங்கு, குறைத்துப் பார்த்தார். 20 மூலங்களில் பத்து, மெய்யெண்களாகவே இல்லாமல் கலப்பெண்களாக மாறிவிட்டன. 16-உம் 17-உம் இருந்த இடத்தில் 16.73-ஐ மெய்ப்பகுதியாகவும் 2.81-ஐக் கற்பனைப் பகுதியாகவும் கொண்ட ஒரு ஜோடி. 20 என்ற மூலம் 20.85 அருகே போய்விட்டது. மூலங்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகி ஒழுங்காக நிற்கும்போது இப்படி நடக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. தன் வாழ்க்கைத் தொழிலில் மிகவும் உலுக்கிய அனுபவம் இது என்று அவர் பின்னாளில் எழுதினார்.

நம் பொறியியல் கல்லூரிகளில் முதல் ஆண்டிலேயே ஓர் அணியின் ஐகன் மதிப்புகளைக் காணச் சொல்லித்தருகிறார்கள். சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுது, அதன் மூலங்களைக் காண் என்பது முறை. இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று அணிகளுக்கு அது போதும். பெரிய அணிகளுக்கு அதே வழியில் போனால், நன்றாக இருந்த ஒரு வினாவை நாமே வில்கின்சன் கண்ட குழியில் தள்ளுகிறோம். ஐகன் மதிப்புகள் அணியின் உறுப்புகளைப் பொறுத்துச் சாதுவாக நடந்துகொள்ளும்போதுகூட, அவை பல்லுறுப்புக் கோவையின் கெழுக்களைப் பொறுத்து மூர்க்கமாக நடந்துகொள்ளக்கூடும். இங்கிலாந்தில் ஜான் ஃபிரான்சிசும் லெனின்கிராடில் வேரா குப்லனோவ்ஸ்கயாவும் 1960-களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்த கியூஆர் வழிமுறை, கோவையின் பக்கமே போகாமல் அணியிலிருந்து நேராக ஐகன் மதிப்புகளை எடுத்தது. இன்று நிலைமை தலைகீழ். பைத்தானின் நம்பை நூலகத்திடம் ஒரு பல்லுறுப்புக் கோவையின் மூலங்களைக் கேட்டால், அது கோவையை ஓர் அணியாக்கி, அந்த அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டு விடையாகத் தருகிறது. பாடநூல் செல்லும் திசைக்கு நேர் எதிர்த்திசை. இதை மாணவருக்குச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

தரவிலிருந்து வந்த பிழையை வழியின் மீது சுமத்திய ஒரு வரலாறும் உண்டு. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், போருக்கு உடன்படாத குவேக்கர் சமயத்தவர், முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே உலகின் முதல் எண்வழி வானிலைக் கணிப்பைக் கையால் போட்டார். 1910 மே 20 அன்றைய தரவை எடுத்து, நடு ஐரோப்பாவில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கணித்தார். விடை 145 ஹெக்டோபாஸ்கல் உயர்வு. கடும் புயல்கூட இப்படி மாற்றாது. அவர் அதை மறைக்காமல் 1922-இல் நூலாக வெளியிட்டார். காற்றின் அளவீடுகளே காரணமாக இருக்கலாம் என்று அவரே எழுதினார்.

1928-இல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் ஒரு முக்கியமான நிபந்தனையைக் கண்டார்கள்: காலத்தை வெட்டும் துண்டு, இடத்தை வெட்டும் துண்டோடு ஒப்பிடுகையில் பெரிதாக இருந்தால் கணிப்பு படிப்படியாக வெடித்துச் சிதறும். ரிச்சர்ட்சனின் தோல்விக்கு இதுவே காரணம் என்ற விளக்கம் வெகுகாலம் நூல்களில் உலவியது. ஆனால் அவர் பல படிகள் போகவே இல்லை. தொடக்க கணத்தில் அழுத்தம் மாறும் வேகத்தைத்தான் கணித்தார். ஒரே படியில் வெடிப்பதற்கு எதுவும் இல்லை. அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைக் கணினியில் திரும்பச் செய்து, காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இடையே இயற்கையில் உள்ள சமநிலை அந்தத் தொடக்கத் தரவில் இல்லை என்று காட்டினார். தரவை முறையாகச் சமன்செய்த பிறகு, ரிச்சர்ட்சனின் வழியே நம்பத்தக்க விடையைத் தந்தது. வழி நிரபராதி. தன் வழியின் மீது அவர் வைத்த நம்பிக்கை சரி என்பது உறுதியாகப் பல பத்தாண்டுகள் ஆயின.

வானிலையின் வினாவே தரவின் சிறு மாற்றத்துக்கும் புரளக்கூடியது என்பது வேறு விஷயம். அது 1961-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தெரியவந்தது. எட்வர்ட் லோரன்ஸ் தன் சிறிய வானிலை மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட, அச்சிட்ட தாளைப் பார்த்து 0.506 என்று கொடுத்தார். கணினிக்குள் இருந்தது 0.506127. கொஞ்ச காலம் இரண்டு ஓட்டங்களும் சேர்ந்து போயின. பிறகு பிரிந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலையைக் காட்டின. கணினியும் நிரலும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. இதற்கு மருந்து இலக்கங்களைக் கூட்டுவது அல்ல என்பதைப் புரிந்துகொண்டதால்தான், 1992 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க வானிலை மையங்கள் தொடக்கத் தரவைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டத் தொடங்கின. அவை எவ்வளவு சீக்கிரம் பிரிகின்றன என்பதே அன்றைய கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவு.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பவர்கள் இன்று எதிர்த்திசையில் போகிறார்கள். அவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 16 பிட் எண்முறை ஒன்றில் துல்லியத்துக்கு 8 பிட் மட்டுமே. தசமத்தில் இரண்டு, மூன்று இலக்கம். தரவே இரைச்சல் மிகுந்தது, வினாவும் அந்த அளவு தோராயத்தைத் தாங்கும் என்பதால் இது செல்லுபடியாகிறது. ஆனால் அந்த எண்முறையில் 1, 1 என்று கூட்டிக்கொண்டே போனால் தொகை 256-இல் நின்றுவிடும். 256-ஓடு 1-ஐக் கூட்டினாலும் 256-தான். அதனால் பெருக்கலை 16 பிட்டில் செய்தாலும் தொகையை 32 பிட்டில் வைத்துக் கூட்டுகிறார்கள்.

நிரல் எழுதும் எவரும் செய்துபார்க்கக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, தரவின் கடைசி நம்பத்தக்க இலக்கத்தைக் கொஞ்சம் அசைத்து ஓட்டிப் பார்ப்பது. மற்றொன்று காஹன் வலியுறுத்தியது: 754 தரத்தில் தோராயமாக்கலை மேல்நோக்கி, கீழ்நோக்கி, சுழியத்தை நோக்கி என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஒரு வரியையும் தொடாமல் அதே நிரலை, அதே தரவோடு, ஒவ்வொரு திசையிலும் ஓட்டவேண்டும். தரவை அசைத்தும் திசையை மாற்றியும் விடை நிலையாக இருந்தால் மேலே போகலாம். இரண்டிலும் விடை ஒரே அளவு ஆடினால், வினாவைத் திரும்பப் பார்க்கவேண்டும். தரவை அசைத்தபோது அசையாத விடை, தோராயமாக்கும் திசை மாறியதும் மூன்றாவது இலக்கத்திலேயே ஆடினால், நிரலுக்குள் எங்கோ ஒரு கழித்தல் இலக்கங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுத்து வேறு வழியில் எழுதவேண்டும்.